பங்குனியில் கூடு தேடிப் போகலாமா?

கண்மாய்க்கரை:

நண்பர்களே, பங்குனி கடைசி ஞாயிறு நம் பறவைக்குழுவின் காலை நடை. கானாடுகாத்தானுக்கு வெளியே கண்மாய்க்கரையில் ஆறு மணிக்குக் கூடுகிறோம். கரையை ஒட்டிய முள்ளுக்காடு, அய்யனார் கோயில் காடு, அப்புறம் ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டுத் தோட்டம். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், சாவி கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

இந்த முறை கொக்கு, நாரை பார்க்கப் போகவில்லை. தையல்சிட்டு, தேன்சிட்டு, சின்னான், மாம்பழச்சிட்டு, கருஞ்சிட்டு, கதிர்க்குருவி என்று பாடும் சிறு பறவைகள் மட்டும். வேம்பு பூத்துவிட்டது, விடியும் முன்பே பாட்டுத் தொடங்கிவிடுகிறது. எது எங்கே கூடு கட்டுகிறது என்று தேடிக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்வதுதான் நோக்கம். இருபது பேர் வரை வரலாம், பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள். வெயில் ஏறுமுன் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவோம். வருகிறவர்கள் பெயர் போடுங்கள்.

புதுவயல் வாசி:

நானும் மகனும் வருகிறோம். தூக்கணாங்குருவிக் கூடு பார்க்கக் கிடைக்குமா? அவனுக்கு அதில்தான் ஆசை.

கண்மாய்க்கரை:

புதுக்கூடு இப்போது கிடைக்காது தம்பி. அது மழைக்காலத்தில், பயிர் பச்சையாக நிற்கும்போது கட்டும். கிணற்றடிப் பனையில் பழைய கூடுகள் தொங்குகின்றன, சில பாதியில் நின்றவை. ஆண்குருவி பாதி கட்டிவிட்டு நிறுத்தும். பெட்டை வந்து பார்த்து, அதற்குப் பிடித்திருந்தால்தான் ஆண் மீதியை முடிக்கும். அதை அவனுக்குக் காட்டலாம்.

செம்மண்காடு:

அண்ணே, உங்கள் மேல் உள்ள மரியாதையில் சொல்கிறேன். இந்த நடை இப்படி வேண்டாம். பறவை பார்க்கப் போங்கள், நானும் வருகிறேன். கூடு தேடி இருபது பேர் போவது வேறு காரியம்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது அடங்கியிருக்கிறது. துப்பாக்கி எடுப்பவனுக்கு மட்டும் எழுதிய சட்டம் இல்லை அது.

சட்டத்தை விடுங்கள். இந்த வெயிலை யோசித்துப் பாருங்கள். முட்டைக்குள் இருக்கும் கரு ஏறக்குறைய 40 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தாங்காது. நம் ஊர்ப் பங்குனி, சித்திரையில் தாய்ப்பறவை முட்டைக்குச் சூடு கொடுப்பது பாதி நேரம் என்றால், சிறகை விரித்து நிழல் கொடுப்பது மீதி நேரம். நாம் புதர் ஓரமாக நின்று ஒருவருக்கொருவர் கைகாட்டிப் பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அது கூட்டுக்கு வராது. காக்கையும் வால்காக்கையும் செம்போத்தும் சும்மா இருக்காது. மனிதன் எந்தப் புதரில் குனிந்து எட்டிப் பார்த்தான் என்று மரத்திலிருந்து கவனிப்பவை அவை.

போன வருடம் ஒரு தோட்டத்து வேலியில், காகிதப்பூச் செடியில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. யாரோ படம் எடுக்க வந்தவர்கள், கூட்டை மறைத்திருந்த கிளைகளை நீல நைலான் கயிறு போட்டுப் பின்னால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். எடுத்து முடித்ததும் கட்டை அவிழ்க்காமல் போய்விட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது கூட்டின் வாசல் நேராக மேற்கு வெயிலைப் பார்த்துக் கிடந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள், காய்ந்து போய். அந்தக் கூடு அங்கே இருக்கிறது என்று முதலில் ஊருக்குச் சொன்னவர் ஒரு நல்ல மனிதர்தான், பறவை மேல் ஆசை உள்ளவர்தான்.

கோட்டையூர் கேமரா:

கிளையை இழுத்துக் கட்டுகிறவனை நானும் மன்னிக்க மாட்டேன். ஆனால் அவனை முன்னால் நிறுத்தி எல்லாக் கேமராவையும் குற்றவாளி ஆக்காதீர்கள். 2020இல் நம் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில் என்ன நடந்தது? தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சின்னக் குருவி கூடு கட்டி முட்டையிட்டது. ஊர் கூடிப் பேசி, ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கே போடாமல் இருட்டில் இருந்தார்கள். கூட்டைப் பார்த்த ஒரு பையன் படம் எடுத்து ஊர்க் குழுவில் போட்டதால்தான் அது நடந்தது. படம் இல்லை என்றால் யாரோ சுவிட்சைத் தட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். மனிதன் கண்ணால் கண்டதற்குத்தான் இரங்குவான்.

செம்மண்காடு:

பொத்தகுடியை நானும் நெஞ்சில் வைத்திருக்கிறேன். அந்த ஊர் என்ன செய்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கையை எடுத்துக்கொண்டது, விலகி நின்றது. அந்தக் கூட்டை யாரும் தேடிப் போகவில்லை. பறவைதான் அவர்கள் பெட்டிக்குள் வந்து கட்டியது.

வளவுக்குருவி:

இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு நானும் ஒன்று சொல்கிறேன். நான் இருப்பது பழைய வீடு. இரண்டாங்கட்டில் முற்றத்துக்கு மேலே ஒரு பழைய மின்கம்பி தொங்குகிறது, உபயோகத்தில் இல்லை. அதில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கூடு கட்டுகிறது. பெட்டைதான் கட்டும். சிலந்தி வலையைச் சுருட்டிச் சுருட்டிக் கொண்டுவந்து கம்பியில் ஒட்டித் தொடங்கும். கீழே பை மாதிரி இறக்கிக்கொண்டே போகும். அப்புறம் அதன் மேலெல்லாம் மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த சருகு, கம்பளிப்புழுவின் எச்சம், கிடைத்ததையெல்லாம் ஒட்டும். கிட்டத்தில் நின்று பார்த்தால்கூட ஒட்டடை தொங்குகிறது என்றுதான் நினைப்போம். எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்கா ஒருமுறை ஒட்டடைக் கம்பைத் தூக்கிவிட்டாள், நான் ஓடிப்போய் நிறுத்தினேன். பக்கவாட்டில் வட்டமாக ஒரு வாசல், வாசலுக்கு மேலே மழைத்தடுப்பு மாதிரி சின்னதாக ஒரு தாழ்வாரம். உள்ளே எருக்கம் பஞ்சு. பெட்டை அடையில் இருக்கும்போது அலகும் ஒரு கண்ணும் மட்டும் வெளியே தெரியும்.

அதற்குக் கீழேதான் நாங்கள் வற்றல் காயப்போடுகிறோம், பிள்ளைகள் ஓடுகிறார்கள், குக்கர் சத்தம் போடுகிறது. அது அசையாது. ஆனால் போன மாசியில் வீட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் சிலர் வந்தார்கள். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அவர்கள் போகும்வரை அது வாயில் பூச்சியோடு ஓட்டு விளிம்பில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. மனிதர் நடமாட்டத்துக்கு அது பழகியிருக்கிறது, நின்று உற்றுப் பார்ப்பதற்குப் பழகவில்லை.

அதனால் ஊருக்குள் இருக்கும் பறவையையும் முள்ளுக்காட்டுப் பறவையையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள். எங்கள் வீட்டுத் தேன்சிட்டை நான்கு பிள்ளைகளுக்கு நான் காட்ட முடியும். கண்மாய்ப் புதரில் இருக்கும் மாம்பழச்சிட்டை இருபது பேருக்குக் காட்ட முடியாது.

கண்மாய்க்கரை:

ஆச்சி சொன்னது எனக்கு உபயோகமாக இருக்கிறது. தம்பி சொன்ன நீலக் கயிறும் மனதைப் பிசைகிறது. ஆனாலும் நடையை நான் விடப் போவதில்லை, காரணத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்தில் கூடுகளை அதிகம் அழிப்பது கேமராவும் இல்லை, நாமும் இல்லை. பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றுகிறது. வற்றியதும் ஜேசிபி இறங்குகிறது. சீமைக்கருவேலை எடுக்கிறோம் என்று கரைப்புதர் மொத்தத்தையும் வேரோடு வழித்துவிடுகிறார்கள். சீமைக்கருவேல் போக வேண்டிய மரம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த முள்ளுக்குள்தான் அந்த நேரத்தில் தவிட்டுக்குருவியும் கதிர்க்குருவியும் வெண்புருவச் சின்னானும் முட்டை வைத்திருக்கின்றன. அதை ஒட்டி நிற்கும் காரை, சூரை, சங்கஞ்செடி எல்லாமும் சேர்ந்தே போகின்றன. ஊருணிக்கரையைச் சுத்தம் செய்வதும் இதே மாதங்களில்தான். பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றுகிறவர்கள் தோட்டத்தை வெட்டுவதும் இப்போதுதான்.

ஆவணி வரை பொறுங்கள் என்று ஒருமுறை கேட்கப் போனேன். “அங்கே என்ன இருக்கிறது, காட்டுங்கள்” என்றார்கள். காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்கிறோம். ஜனவரியில் என்னென்ன பறவை எத்தனை இருந்தது என்று அது சொல்லும். எந்த மாதம் எந்தச் செடியில் முட்டை இருக்கிறது என்று சொல்லாது. நம் ஊர்க் கூடுகளைப் பற்றி எழுத்தில் எதுவும் இல்லாமல் யாரிடம் போய் என்ன கேட்பது?

பிரிட்டனில் 1939இலிருந்து தன்னார்வலர்கள் கூடுகளைப் பார்த்துப் பதிவு அட்டை எழுதிவருகிறார்கள். ஆசிரியர்கள், விவசாயிகள், ஓய்வுபெற்றவர்கள் என்று நம்மைப் போன்றவர்கள்தான். புவி சூடாவதால் பல பறவைகள் முன்பைவிட முன்கூட்டியே முட்டையிடுகின்றன என்பதை 1990களில் அந்தப் பதிவுகளை வைத்துத்தான் காட்டினார்கள். கூட்டுக்குப் போனாலே கூடு பாழாகிவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. 2012இல் ‘ஐபிஸ்’ பறவையியல் இதழில், பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. ஆய்வாளர் போய்வருவதால் கூடு இரையாவது பொதுவாக அதிகரிக்கவில்லை என்பது அதன் முடிவு. மனிதக் கை பட்டால் தாய் குஞ்சை விட்டுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வதும் அப்படி நடப்பதில்லை.

செம்மண்காடு:

அந்தக் கட்டுரை ஆய்வாளரைப் பற்றியது அண்ணே. பயிற்சி உள்ள ஒருவர் போவார், பார்ப்பார், ஒரு நிமிடத்தில் விலகுவார். போன வழியே திரும்பாமல் கூட்டைத் தாண்டி வேறு பக்கம் இறங்குவார், வழித்தடம் கூட்டில் போய் முடிந்தால் கீரிக்கும் பூனைக்கும் நாமே பாதை போட்டுக் கொடுத்தது ஆகும் என்பதால். கூடு கட்டத் தொடங்கும் நாட்களில் கிட்டவே போகமாட்டார். குஞ்சுக்கு இறகு முளைத்துப் பறக்கப் போகும் தருவாயிலும் போகமாட்டார், அப்போது பயந்தால் குஞ்சு நேரம் வரும் முன்பே குதித்துவிடும். குதித்ததைத் திரும்பக் கூட்டில் வைத்தாலும் அது இருக்காது. இத்தனையையும் தெரிந்துகொண்டா இருபது பேரும் வரப் போகிறார்கள்?

அதைவிட முக்கியமானது ஒன்று. கூட்டைப் பார்க்காமலே கூடு இருப்பதை எழுதிவிடலாம். கரையில் நில்லுங்கள், தொலைநோக்கியை எடுங்கள். தையல்சிட்டு வாயில் பஞ்சு கொண்டுபோகிறதா, கட்டுகிறது. பச்சைப்புழுவை விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டே போகிறதா, குஞ்சு இருக்கிறது. போன இடத்திலிருந்து வெளியே வரும்போது அலகில் வெள்ளையாக, சோற்றுப்பருக்கையைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்றைக் கவ்விக்கொண்டு வருகிறதா? அது குஞ்சின் எச்சம். மெல்லிய தோல் பைக்குள் கட்டியதுபோல வரும், தாய் அதைக் கூட்டிலிருந்து தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டுவிடும். இதைப் பார்த்தாலே போதும், அந்தப் புதருக்குள் உயிருள்ள குஞ்சு இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். நாம் பறவைப் பட்டியல் ஏற்றும் இபேர்ட் இணையதளத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடே இருக்கிறது. “காட்டுங்கள்” என்று கேட்டவர்களிடம் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதால் பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் வேலை பார்த்த கிராமத்துப் பள்ளியில் உண்டிவில் இல்லாத பையன் கிடையாது. ஓணானையும் தவிட்டுக்குருவியையும் அடிப்பதுதான் சாயங்கால வேலை. எத்தனை பிடுங்கிப் போட்டாலும் மறுநாள் புதிதாக ஒன்று வந்துவிடும். பள்ளி வேலியில் சின்னான் கூடு கட்டியபோது, வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்த்து நோட்டில் எழுதச் சொன்னேன். கிட்டே போகக்கூடாது, ஜன்னல்தான் எல்லை. யார் எந்த மணிக்கு இரை கொண்டுவந்தது, இரண்டும் கொண்டுவருகிறதா, ஒன்றுதானா என்று எழுதினார்கள். மூன்று முட்டையும் பொரித்துக் குஞ்சு பறந்த பிறகு அந்த வகுப்புப் பையன்கள் உண்டிவில் எடுக்கவில்லை. அடுத்த வகுப்புப் பையன்கள் எடுத்தார்கள். ஆகவே பார்க்க வைக்காமல் இருப்பதும் ஒரு தீங்குதான் தம்பி.

வேட்டங்குடியைப் பாருங்கள். 1977இலிருந்து பறவைகள் சரணாலயம். அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பது ஊர் உலகத்துக்குத் தெரியும். அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. கண்மாய்க்குள் நிற்கும் மரத்தில் நாரை கூடு கட்டுவதைக் கரையிலிருந்து பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

கோட்டையூர் கேமரா:

சார் சொன்னதுதான் என் கட்சியும்.

செம்மண்காடு:

சார், உங்கள் ஜன்னலுக்கு நான் ஒருநாளும் எதிரி இல்லை. வேட்டங்குடியில் நடுவே தண்ணீர் நிற்கிறது, ஆசைப்பட்டாலும் கிட்டே போக முடியாது. அந்தத் தண்ணீரும் உங்கள் ஜன்னலும் செய்த வேலையை முள்ளுக்காட்டில் யார் செய்வது என்பதே என் கேள்வி. அங்கே சின்னான் கூடு இடுப்பு உயரத்தில் இருக்கும், கருஞ்சிட்டு கூடு வரப்புப் பொந்தில், கால் வைக்கும் இடத்திலேயே இருக்கும். ஒரு பிள்ளை தெரியாமல் எட்டிப் பார்ப்பதற்கு எத்தனை நொடி ஆகும்?

வளவுக்குருவி:

கோயில் காட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கே ஊர்க்காரர்களே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள், சுள்ளிகூட ஒடிக்க மாட்டார்கள். இத்தனை காலம் அந்தக் காடு நின்றது அந்தப் பயத்தினாலும் பக்தியினாலும்தான். நாம் குழுவாக, கழுத்தில் கேமராவோடு உள்ளே போய்ப் புதரை விலக்கினால் நாளைக்கு மற்றவர்களுக்கு அந்தப் பயம் இருக்குமா? அது வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

கண்மாய்க்கரை:

கோயில் காடு வேண்டாம் ஆச்சி. அதை எடுத்துவிட்டேன்.

மற்றதையும் மாற்றி எழுதுகிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள். இருபது பேர் இரண்டு பிரிவாகப் பிரிந்து போவோம். முள்ளுக்காட்டுக்குள் யாரும் இறங்க வேண்டாம், கரை மேலிருந்துதான் பார்க்க வேண்டும். தம்பி சொன்னபடி பஞ்சு, புழு, எச்சப்பை, பறக்கப் பழகும் குஞ்சு, இவற்றைப் பார்த்து எழுதுவோம். வாயில் இரையோடு ஒரு பறவை உள்ளே போகாமல் கிளையில் உட்கார்ந்து கத்தினால் நாம்தான் அதற்குத் தடை, உடனே பின்வாங்க வேண்டும். பாட்டை ஒலிபரப்பிப் பறவையை வரவழைப்பது கிடையாது. கூட்டைப் படம் எடுப்பதும் கிடையாது. இடத்தை வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. இபேர்ட் பட்டியலைப் பொதுவில் தெரியாமல் மறைக்கும் வசதி இருக்கிறது, ஆடி வரை மறைத்தே வைப்போம். பிள்ளைகளை ஆச்சி வீட்டு முற்றத்துக்கு நான்கு நான்கு பேராக அனுப்பலாம், ஆச்சி சரி என்றால்.

ஆனால் சிலவற்றைக் கூட்டைப் பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியாது தம்பி. முட்டை எத்தனை, எத்தனை பொரித்தது, எத்தனை பறந்தது, இந்தக் கணக்குத்தான் கடைசியில் ஒரு பறவை இந்த மண்ணில் தாக்குப்பிடிக்கிறதா என்று சொல்லும். அதற்கு நானும் வாத்தியார் சாரும் மட்டும், சில கூடுகளை, நீ சொன்ன முறைப்படியே போய்ப் பார்த்து எழுதுவோம். இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

கோட்டையூர் கேமரா:

கூட்டைப் படமே எடுக்கக் கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. நீள லென்ஸில் தூரத்திலிருந்து எடுத்தால் என்ன கெடுதல்? ஆனால் இந்த நடைக்கு நீங்கள்தான் பொறுப்பு, அதனால் அன்று பறக்கும் பறவையை மட்டும் எடுக்கிறேன். இது பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

வளவுக்குருவி:

பிள்ளைகள் வரட்டும். ஏழரை மணிக்கு மேல் வெயில் முற்றத்தில் விழுந்துவிடும், அதற்கு முன் அனுப்புங்கள். முகப்பிலேயே உட்கார வைத்து இட்லி கொடுக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் உற்றுப் பார்க்க மாட்டார்கள், குருவியும் வரும்.

செம்மண்காடு:

முள்ளுக்காட்டுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். நீங்களும் சாரும் கூடு பார்ப்பதைப் பற்றி எனக்கு இன்னும் சம்மதம் இல்லை, ஆனால் தடுக்க மாட்டேன்.

பூட்டிய வீட்டுத் தோட்டம் அப்படியே பட்டியலில் இருக்கிறதே அண்ணே? ஆச்சி வீட்டுத் தேன்சிட்டு மனிதரோடு வாழ்கிறது. அந்தத் தோட்டத்தில் வருடக்கணக்காக ஆளே கிடையாது. ஊருக்குள் இருந்தாலும் அது காட்டுப் பறவைதான், கதவு திறக்கும் சத்தமே அதற்குப் புதிது. முள்ளுக்காட்டைவிட அங்கேதான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும்.

கண்மாய்க்கரை:

அந்த வீட்டைக் குத்தகைக்கு விடப் பேச்சு நடக்கிறது, வைகாசியில் தோட்டத்தைச் சுத்தம் செய்யப் போகிறார்கள். இப்போது பார்த்து எழுதாவிட்டால் அங்கே என்ன இருந்தது என்றே யாருக்கும் தெரியாமல் போகும். குண்டுக்கரிச்சான் அந்தக் கிணற்றுச் சுவரில் பாடுவதை வெளியிலிருந்தே கேட்டிருக்கிறேன். உள்ளே எலுமிச்சை, நார்த்தை, மாதுளை எல்லாம் அடர்ந்து கிடக்கின்றன.

செம்மண்காடு:

அப்படியானால் எழுதுவதைவிடச் சுத்தம் செய்வதை ஆவணிக்குத் தள்ளச் சொல்லிக் கேட்பதுதான் முதல் வேலை. சாவி கொடுத்தவர்கள் நல்ல மனிதர்களாகத்தானே இருக்கிறார்கள்? அவர்கள் அய்யா வைத்த மரங்கள் அவை. கிணற்றுச் சுவரில் கரிச்சான் பாடுகிறது என்று சொன்னால் கேட்பார்கள். நீங்கள் வெளியிலிருந்து கேட்ட பாட்டே அதற்குப் போதும்.

கண்மாய்க்கரை:

நாளை சாயங்காலம் போன் பண்ணுகிறேன். நீயும் கூட இரு, பறவை பற்றி அவர்கள் கேட்டால் நீ பேசு. தள்ளிப்போட அவர்கள் சம்மதித்தால் தோட்டத்தை இந்த நடையிலிருந்து எடுத்துவிடலாம். சம்மதிக்காவிட்டால் நான் உள்ளே போய்ப் பார்த்துத்தான் ஆவேன்.

செம்மண்காடு:

வருகிறேன் அண்ணே. அவர்கள் சம்மதிக்காவிட்டால் நீங்கள் ஒருவர் மட்டும் போங்கள், விடியற்காலையில், கேமரா இல்லாமல். மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு அந்தக் கதவைத் திறப்பதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை என்னை எதிர்பார்க்க வேண்டாம்.